இயற்கையொளியும் கணினித் திருத்தமும்: கல்முனைக் கரையை முன்வைத்து ஒரு நோக்கு

நிலத்தோற்றத்தை ஒளிப்படமாக்குவோரிடையே இரு கட்சியினர் உளர். கமராவில் விழுந்த ஒளியே படம், பின்னர் அதனைத் தொடுதல் பொய்ம்மை என்பர் ஒரு சாரார். எடுத்தது மூலப்பொருளே, கணினியிற் பிறப்பதே படம் என்பர் மற்றையோர். இவ்வழக்கினைப் பொதுப்பட ஆராய்வதினும் ஓர் இடத்தின்மேல் வைத்து ஆராய்தல் பயன்தரும். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என முஸ்லிம் ஊர்கள் நெருங்கியமைந்த அம்பாறைக் கரையோரம் அதற்கு ஏற்றது.

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் ஒருங்கே முதற்பொருளாக வைத்தார். நிலப்படம் எடுப்பார்க்கு இதனிற் சிறந்த இலக்கணம் கிடைத்தல் அரிது. கல்முனையிற் கிழக்கே நெய்தல்; சிறிது மேற்கே வயல்வெளியாகிய மருதம். ஞாயிறு கடலில் எழுந்து வயலில் அடைகின்றது. மருதத்துக்குரிய விடியலிற் கடற்பக்கத்து ஒளி நெற்பயிரின்மேற் சாய்ந்து படும். நெய்தற்குரிய எற்பாட்டிலோ கடலை நோக்கி நிற்பவனுக்குக் கதிரவன் முதுகுப்புறத்தான். அலையும் தோணியும் கரைவலை இழுப்போரும் அப்பொழுது நேரொளி பெறுவர். நீர்கொழும்பிற் பழகிய கண் இங்கே கடலிற் செங்கதிர் மறைவதைத் தேடி ஏமாறும்.

இவ்வொளி நெடிது நில்லாது. கல்முனை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7½ பாகையில் உள்ளது. அங்கே கதிரவன் நிமிர்ந்தே எழுவதால், அடிவானிலிருந்து 6 பாகை உயர 25 நிமிடமளவே செல்லும். இலண்டனில் ஏறத்தாழ 40 நிமிடமேனும் செல்லும். மேனாட்டு நூல்களை நம்பி ஆறுதலாகக் கமராத்தாங்கியை நாட்டுபவன் வெறும் வெண்ணொளியையே காண்பான். பின்னர்த் திருத்தலாம் எனின், எண்ணிமக் கமராவின் உணரி நிரம்பி வழிந்த இடத்தில் விவரம் எதுவும் பதிவதில்லை. வெளிறிய முகிலை எக்கணினியும் மீட்டுத் தராது. இருளை ஓரளவு உயர்த்தலாம். உயர்த்துந்தோறும் படம் புள்ளி புள்ளியாய்க் கலங்கும்.

எனினும், தொடாத படம் என்னும் பெருமையும் நிலைக்காது. கமரா தரும் படமே உள்ளமைந்த கணக்கினால் நிறமூட்டப்பெற்றதன்றோ? 1850களில் ஒளித்தகடு நீலத்துக்கு மிகை உணர்வுடையதாகையால் வானம் வெறுமையாயிற்று. குஸ்தாவ் லெ கிரே கடலையும் வானையும் வெவ்வேறாக எடுத்து இணைத்தார். அன்சல் அடம்ஸ் 1941 நவம்பர் 1 அன்று நியூ மெக்சிக்கோவில் எடுத்த நிலவுதயப் படமோ இரு திறத்தார்க்கும் விடையாகும். ஒளிமானி கைக்கு அகப்படாதபோது நிலவின் ஒளியளவை நினைந்து ஒரே தகட்டிற் பதித்தார். மறு தகட்டுக்குமுன் ஒளி மறைந்தது. ஆயினும் அவ்வானத்தைக் கருமையாக்கப் பல்லாண்டு இருட்டறையில் உழைத்தார். நம் நாட்டு லயனல் வென்ட் (1900–1944) ஒளிதலைமாற்றலும் படவிணைப்பும் செய்தவர். அவரைப் போலி என்பார் இலர். செய்ததை அவர் படங்களே வெளிப்படக் காட்டி நின்றன.

ஆகவே, பதிந்த ஒளியைத் துலக்குதல் வேறு. பதியாத ஒளியைப் புகுத்துதல் வேறு. 2020இல் ஃபோட்டோஷொப் வானத்தையே மாற்றும் வசதியைத் தந்தது. லெ கிரேக்குத் தகட்டின் குறையென்னும் நியாயமுண்டு. இன்றையோர்க்குக் காத்திருக்க மனமின்மையன்றி வேறு நியாயம் காணோம். விளம்பரப் படத்திற்கு இது பொறுக்கத்தகும் போலும்.

இக்கரைக்கோ பொறுக்கத்தகாது. 2004 டிசெம்பர் 26 கடல்கோளில் இலங்கையில் மிகுதியான உயிரிழப்பைக் கண்டது அம்பாறை மாவட்டமே. ஒலுவிலில் 2013இல் திறக்கப்பட்ட துறைமுகம் கட்டப்பட்டதன்பின் அதன் வடபுறக் கரை அரிப்புண்டது. மணல் எங்கே முடிந்தது, தென்னைகள் எவ்வரிசையில் நின்றன என்பதற்கு இங்கே ஒளிப்படமே சாட்சி. வானம் பொய்யென்று அறிந்தபின் அதே படத்து மணலை எவர் நம்புவர்? உலகப் பத்திரிகை ஒளிப்படப் போட்டி நடத்துவோர் பதனிடாத மூலக்கோப்பைக் கேட்டுப் பெறுவதும் இதுபற்றியே. பொய்யும் எளிதில் ஒளிவதில்லை. கல்முனைக் கடலின்மேல் அந்திஞாயிற்றை எவ்வளவு நுட்பமாக ஒட்டினும், மாலையில் எடுத்த படத்திற் கரையேற்றிய தோணியின் நிழல் அஞ்ஞாயிற்றை நோக்கியே நீண்டு கிடக்கும்.