விசுவாசமும் வினைக்காலமும்: தமிழ் விவிலியச் சொல்லாட்சி குறித்து ஒரு மதிப்பீடு

கிறித்தவ நம்பிக்கை ஒருநாளில் பிறப்பதா, பல்லாண்டுகளில் முதிர்வதா என்பது திருச்சபைகளுக்குள் நெடுங்காலமாக நிலவிவரும் கருத்து வேறுபாடு. மனமாற்றம் நிகழ்ந்த நாளைச் சுட்ட இயலாதவரை உண்மை விசுவாசியாக ஏற்கத் தயங்குவோர் உளர். பிறந்த வீட்டிலேயே அச்சமயத்தில் வளர்ந்து, எப்போது நம்பத் தொடங்கினோம் என்று அறியாதோரும் உளர். இவ்வழக்கில் தீர்ப்பளிப்பது மொழிபெயர்ப்பாளன் பணியன்று. எனினும் அவன் தேர்ந்தெடுக்கும் கால இடைநிலை ஒரு தரப்பாரின் சான்றாகிவிடுகிறது.

எபேசியர் 2:8-இல் கிரேக்க மூலம் நிறைவுநிலைக் காலத்தை ஆள்கிறது. செயல் முடிந்தது, பயன் தொடர்கிறது என்பது அதன் பொருள். பவர் தலைமையில் திருத்தம் பெற்று 1871-இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு இதனை 'இரட்சிக்கப்பட்டீர்கள்' எனத் தனி இறந்தகாலமாக்கிற்று. 'இரட்சிக்கப்பட்டிருக்கிறீர்கள்' என்பது நீண்ட வடிவமேயன்றித் தமிழுக்கு அயலானதன்று. அதே பதிப்பு 1 கொரிந்தியர் 1:18-இல் 'இரட்சிக்கப்படுகிற' என்று நிகழ்காலப் பெயரெச்சத்தைப் பேணியுள்ளது. 1611-ஆம் ஆண்டு ஆங்கில விவிலியம் அவ்விடத்தில் காட்டாத தொடர்நிலையைத் தமிழ் காட்டுவது பாராட்டத்தக்கது. ஆயினும் சபை வழக்கில் வேரூன்றியது இறந்தகாலமே. சாட்சி கூறுவோர் 'இரட்சிக்கப்பட்டேன்' என்று ஆண்டோடு கூறக் கேட்கிறோம்; 'இரட்சிக்கப்பட்டு வருகிறேன்' என்பாரைக் காண்பது அரிது.

1827-இல் வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858-இல் திருமுழுக்குப் பெற்ற எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை, பனியனின் நூலைத் தழுவிய தம் காப்பியத்திற்கு 'இரட்சணிய யாத்திரிகம்' (1894) எனப் பெயரிட்டார். ஆங்கிலத் தலைப்பில் 'இரட்சணியம்' என்பதற்கு நேரான சொல் இல்லை. இரட்சிப்பையும் பயணத்தையும் ஒரே தொடராக்கியது தமிழ்ப் புலவரின் துணிவு.

பெயர்ச்சொல்லிலும் சிக்கல் உண்டு. 'விசுவாசி', 'அவிசுவாசி' என்னும் இணை மனிதரை இரு கூறாக்குகிறது; இடைநிலைக்கு அதில் இடமில்லை. ஆனால் மாற்கு 9:24-இல் நோயுற்ற சிறுவனின் தந்தை தன் விசுவாசத்தையும் அவிசுவாசத்தையும் ஒரே மூச்சில் அறிக்கையிடுகிறான். அவனை எந்தப் பெயரால் அழைப்பது?

1995-இல் வெளியான திருவிவிலியம் 'விசுவாசம்' என்பதை விடுத்து 'நம்பிக்கை'யை ஏற்றது. நம்பிக்கை வளரும், தளரும், மீண்டும் துளிர்க்கும் என்பது அன்றாட வழக்கு. படிப்படியான வளர்ச்சியைச் சொல்ல இச்சொல்லே ஏற்றது என்பது என் கருத்து. இதற்குத் தந்த விலையும் சிறிதன்று. 1 கொரிந்தியர் 13:13-இல் பழைய பதிப்பின் 'நம்பிக்கை' மூன்றனுள் இரண்டாவதைக் குறித்தது. புதியதில் அதுவே முதலாவதைக் குறிக்க, இரண்டாவதற்கு 'எதிர்நோக்கு' வந்தமர்ந்தது. இரு பதிப்புகளையும் ஒருசேரப் பயில்வோர் ஒவ்வொரு முறையும் எந்த நம்பிக்கை என்று கேட்டே படிக்க வேண்டியுள்ளது.