விசைப்பலகைப் பாணிகளும் குறியேற்றத் தரங்களும்

அருணகிரிநாதரின் ஊர், மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய தலம் என்று போற்றப்படும் திருவண்ணாமலையின் இந்தச் சிறப்பு மலரில், அவ்விருவர் பாடிய நூல்களைக் கணினியில் ஏற்றிக் காக்கும் மென்பொருள் மரபுக்கும் ஓர் இடம் உண்டு. அந்த மரபைச் சோதித்துப் பார்க்க 'திருவண்ணாமலை' என்ற ஏழெழுத்தே போதும்.

விசைப்பலகையில் மூன்று பாணிகள். முதலாவது தட்டச்சுப் பயிலகங்கள் வளர்த்த பாணி. கண்ணில் படும் வரிசையிலேயே விரல் ஓடும். 'லை' எழுத, கொம்பை அடித்த பிறகே 'ல'. அச்சகங்களும் அரசு அலுவலகங்களும் இதில் ஊறியவை. இரண்டாவது ஒலிபெயர்ப்புப் பாணி. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் இதன் முன்னோடி. ஆங்கில விசை தெரிந்தவர் அன்றைக்கே தமிழ் எழுதிவிடலாம். மூன்றாவது, 1999இல் சென்னைத் தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற தமிழ்99. உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். 'ண'வை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். ஊர்ப் பெயருக்கு அஞ்சலில் 16 விசைகள், நடுவே ஷிப்ட் வேறு, தமிழ்99இல் 11தான். புதிதாகப் பழகுவோருக்கு என் பரிந்துரை இதுவே. இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் ஆகிய தட்டச்சு மென்பொருள்கள் இரண்டிலும் இது உண்டு.

அடித்ததைச் சேமிப்பது குறியேற்றத்தின் வேலை. திஸ்கி, டாப், டாம் என்று பல தரங்கள் இருந்தன. எழுத்துரு மாறினால் பக்கமே கிறுக்கலாகும். திஸ்கியில் கொம்பு முன்னே, 'ல' பின்னே. உலகப் பொதுத் தரமான யூனிகோடில் 'ல' முன்னே, கொம்பு பின்னே. 2010 ஜூனில் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது. அது செல்லாத இடங்களுக்கு டேஸ்16 குறியேற்றத்தை மாற்றாக வைத்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய, தமிழ் நூல்களை மின்னூலாக்கும் மதுரைத் திட்டம் திஸ்கியில் நூல்களை வெளியிட்டு, பின்னர் யூனிகோடுக்கு மாறியது. அந்த உழைப்பால்தான் அவை இன்று கைபேசியிலும் திறக்கின்றன.

நிரல் எழுதும் இளைஞர்களுக்குச் சில குறிப்புகள். பைத்தானிடம் ஊர்ப் பெயரின் நீளத்தைக் கேட்டால் 12 என்னும். யூடிஎஃப்-8இல் அது 36 பைட். ஓபன்-தமிழ் நிரலகம்தான் 7 என்று தமிழ்க் கணக்குச் சொல்லும். 12ஐ நம்பிச் சொல்லை வெட்டினால் 'லை' கொம்பிழந்து நிற்கும். 'கொ'வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் இரண்டாகப் பிரித்தும் சேமிக்க முடியும். யூனிகோடின் என்எஃப்சி முறையில் சீராக்கிய பிறகே ஒப்பிடுங்கள். அதற்கும் பிடிபடாதது 'ஸ்ரீ'. 2005இல் யூனிகோட் 4.1 'ஶ' எழுத்தைச் சேர்த்தபின், ஒரே தோற்றத்துக்கு இரண்டு குறிவரிசைகள் வந்தன. ஒன்றில் எழுதிய 'ஸ்ரீ ரமணர்' மற்றொன்றில் தேடினால் அகப்படமாட்டார். தேடுபொறி அமைப்பவர் இரண்டையும் ஒன்றாகக் கொள்ள வேண்டும்.

எந்தப் பாணியில் அடித்தாலும் குற்றமில்லை. கருவி மறைந்த பிறகும் எழுத்து நிற்கிறதா என்பதே தரத்தின் உரைகல். தீபத் திருவிழாவுக்கும் குடமுழுக்குக்கும் மலர் வெளியிடும் குழுவினர், அச்சுப்படியோடு யூனிகோட் கோப்பையும் நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும். பழைய எழுத்துருவில் உறங்கும் மலர்களையும் குறியேற்ற மாற்றியின் வழியாக மீட்க வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த பிள்ளைகள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். பொறுப்பை அவர்களிடம் கொடுப்போம்.