வேல் வாங்கும் நேரம்

தைப்பூசத்துக்கு முந்தின நாள் மத்தியானம். மலேசியாவில் டெங்கில் பக்கத்துக் கோயில் ஒன்றில் ரதம் ஜோடிக்கிற வேலை நடந்துகொண்டிருந்தது. சாக்கை அவிழ்த்ததும் பாச்சை உருண்டை வாசம் குப்பென்று அடித்தது. உள்ளே இருந்தவை தொம்பைகள். தஞ்சாவூர்ப் பக்கத்தில் தைத்து வரவழைத்தவை என்றார்கள்.

தொம்பை என்றால் தேரில் குழல்போலத் தொங்குமே, அந்தத் துணிதான். பலர் அதை வெறும் ஜோடனை என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். அதில் பெயிண்ட் கிடையாது, நெசவுச் சித்திரமும் கிடையாது. உருவத்தைத் துண்டு துண்டாகத் துணியில் வெட்டி, அடித்துணியில் வைத்துத் தைப்பது. பிரான்சின் பாயோ திரைச்சீலையை நெய்த படம் என்றே உலகம் சொல்கிறது. 1066-ல் நடந்த போரைக் காட்டும் அந்த ஏறக்குறைய 70 மீட்டர் துணியும் உண்மையில் ஊசி வேலைதான். நம் தொம்பைக்காரர் கூச்சப்பட வேண்டியதில்லை.

நான் கையில் எடுத்த தொம்பையில் இருந்தது வேல் வாங்கும் முருகன். சிவப்பு அடித்துணி, மஞ்சள் உடம்பு, பச்சை மயில். விளிம்பெல்லாம் வெள்ளைக் கயிறு ஓடுகிறது. அந்தக் கயிறு இல்லையென்றால் பத்தடி தள்ளி நின்று பார்க்கும்போது மஞ்சளும் சிவப்பும் ஒன்றில் ஒன்று கரைந்துவிடும். இடது கண் ஒரு நூல் கீழே இறங்கியிருக்கிறது. தைத்தவர் பிரித்துத் திரும்பத் தைக்கவில்லை. நல்லவேளை.

வேல் ஒரே வெள்ளைத் துண்டு, ஒட்டுப்போடாதது. அதன்மேல் பார்வதியின் கை. விரல்கள் வெறும் கறுப்பு நூல்கோடுகள். மகனின் கை வேலுக்கு அடியில் போகிறது. மேலே தைத்தது தாயின் கை, கீழே மகனின் கை என்பதால், அவள் இன்னும் பிடியை விடவில்லை என்று தெரிகிறது. எந்தத் துண்டை எதன்மேல் வைப்பது என்பதிலேயே அந்தக் கைவேலைக்காரர் ஒரு கதை சொல்லிவிட்டார்.

முருகன் முகத்தில் கோபம் இல்லை. தட்டையான துணிமுகத்தில் கோபத்தைக் கொண்டுவருவது சிரமம் என்று ஒருவர் வாதாடலாம். அதே தொம்பையில் யாளிக்கு மட்டும் பல்லும் விழியும் எப்படி அத்தனை உக்கிரமாக வந்தன? நாகப்பட்டினம் பக்கத்துச் சிக்கலில், சூரசம்ஹாரத்துக்கு முதல் நாள் வேல் வாங்கும்போது சிங்காரவேலருக்கு வியர்க்கும் என்பார்கள். பட்டுத் துணியால் ஒற்றி எடுப்பார்கள். இந்தத் தொம்பை முருகனுக்கு வியர்வையும் இல்லை. புறப்படுகிற பிள்ளையின் அமைதி மட்டும் இருக்கிறது. பத்துமலையில் 2006-லிருந்து நிற்கும் 140 அடி முருகன் வேலை ஊன்றிக்கொண்டு நிற்கிறார், அதாவது வாங்கி முடித்தாயிற்று. எனக்கு இந்தத் துணி முருகன்தான் மேல்.

சூரனைத் தேடித் தொம்பையைச் சுற்றி வந்தேன். பின்புறம் முழுக்கத் தாமரை.

“சூரன் எங்கண்ணே?”

“தச்சவனத்தான் கேக்கணும்” என்றார் ஏணியில் நின்ற பெரியவர்.

அவர் பிராங் பெசார் தோட்டத்துக்காரர். முதல் உலகப் போரில் சண்டை போட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள் 1921-ல் திறந்த தோட்டம் அது. பெயருக்கே ‘பெரும்போர்’ என்றுதான் பொருள். இப்போது அங்கே புத்ராஜெயா நிற்கிறது. பால் மரம் சீவிய குடும்பங்களில் பல டெங்கில் அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்தன.

தொம்பையை மேலே கட்டினார்கள். காற்று உள்ளே புகுந்து உப்பியது. கயிறு ஓடிய விளிம்பு விறைப்பாக நிற்க, நடுவில் இருந்த துணி மட்டும் மெல்ல அசைந்தது. வேலைப் பிடித்த இரண்டு கையும் சேர்ந்து ஏறி இறங்கின. பிளெக்ஸ் பேனரில் இது நடக்காது.

பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ரதம் புறப்படும் முன், வெளிச்சம் இருக்கும்போதே வாருங்கள். சீரியல் லைட் போட்டுவிட்டால் எல்லாம் ஒரே சிவப்பாகத்தான் தெரியும்.