பேண்தகு தொழிலும் மூன்றாம் வேற்றுமையும்

தொழில்நுட்பமும் நல்ல தலைமையும் கூடினால் தொழில் நெடுங்காலம் வாழும், இயற்கையும் கெடாது. இந்நாளில் நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் தவறாது கூறும் கருத்து இது. இன்றைய தேவையை நிறைவு செய்யும் வளர்ச்சி வருந்தலைமுறையின் தேவைக்கு ஊறு விளைத்தல் ஆகாது என்று ஐக்கிய நாடுகளின் ஆணையம் ஒன்று 1987-இல் வரையறுத்தது. அதன் பின்னரே இக்கருத்து உலகெங்கும் பரவிற்று.

இதனைத் தமிழ்நாட்டார் 'வளங்குன்றா வளர்ச்சி' என்பர். இலங்கையார் 'பேண்தகு அபிவிருத்தி' என்பர். மலேசியாவில் நாம் 'நிலைத்தன்மை' என்கிறோம். இவற்றுள் எது பொருத்தமானது? 'நிலைத்தன்மை' பாறைக்கும் பொருந்தும். 'வளங்குன்றா' என்பது குன்றாமையைச் சொல்கிறதேயன்றிக் குன்றாமல் காப்பவரைச் சுட்டவில்லை. 'பேண்தகு' என்பதிலோ பேணுதல் என்னும் வினை உளது. வினை உளதெனின் வினைமுதலும் இருத்தல் வேண்டும். எனவே இச்சொல்லே சிறந்தது என்பது என் கருத்து. ஆயினும் இதுவும் வினைமுதலை மறைத்தே நிற்கிறது. யாரால் பேணப்படுவது? எதனால்? யாரோடு? இம்மூன்று வினாவும் மூன்றாம் வேற்றுமைக்கு உரியவை.

கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்பன அவ்வேற்றுமையின் பொருள்கள் என்பதை நம் மாணவரும் அறிவர். கருத்தா மேலும் இருவகைப்படும். அரசனால் கட்டப்பட்ட கோயில் என்புழி அரசன் ஏவுதற்கருத்தா; சிற்பியால் கட்டப்பட்ட கோயில் என்புழிச் சிற்பி இயற்றுதற்கருத்தா. தொழில்நுட்பம் கருவி, தலைமை ஏவுதற்கருத்தா. நிறுவன அறிக்கைகள் இவ்விரண்டோடு நின்றுவிடுகின்றன. இயற்றுதற்கருத்தாவும் உடனிகழ்ச்சியும் விடுபடுகின்றன. இக்குறை இலக்கணத்தோடு முடிவதன்று என்பதற்குத் தமிழர் உழைக்கும் தேயிலை மலைகள் மூன்று சான்றாகும்.

முதலாவது இலங்கை. 2021 மே மாதத்தில் அந்நாட்டரசு இரசாயன உர இறக்குமதிக்குத் தடை விதித்தது. மண்ணையும் மக்கள் நலத்தையும் காப்பதே நோக்கம் எனப்பட்டது. நோக்கம் நன்றே, ஆயின் நாடு முழுவதும் ஒரே வீச்சில் இயற்கை உரத்துக்கு மாறுவதற்குப் போதிய உரமும் இல்லை, பயிற்சியும் இல்லை, காலமும் இல்லை. அவ்வாண்டு நவம்பரிலேயே தடை நீக்கப்பட்டது. 2021-இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை விளைவு 2022-இல் ஏறத்தாழ 25 கோடியாகச் சரிந்தது. அவ்வாண்டின் பொருளாதார நெருக்கடியும் இதற்கு ஒரு காரணமே. எனினும் கொழுந்து குறைந்தால் கொய்பவர் கூலியும் குறையும் என்பதைத் தோட்டத்தில் வாழ்ந்தவர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. ஏவினார் இருந்தனர்; இயற்றுவாரைக் கேட்டார் இல்லை.

இரண்டாவது மூணாறு. டாடா நிறுவனம் அங்குத் தேயிலை பயிரிடுதலினின்று விலகியபோது, 2005-இல் கண்ணன் தேவன் மலைத்தோட்ட நிறுவனம் தோன்றியது. பங்குகளின் பெரும்பகுதி 12,000-க்கும் மேற்பட்ட பணியாளர் கைக்கு வந்தது. மூழ்கும் தொழிலைத் தொழிலாளரையே உரிமையாளராக்கி மீட்ட இம்முயற்சி போற்றத்தக்கதே. ஆயின் 2015 செப்டம்பரில், மிகைஊதியம் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டபோது, அந்நிறுவனத்தின் பெண் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வீதிக்கு வந்தனர். அவருள் பெரும்பாலார் தமிழர். 'பெம்பிளை ஒருமை' என்று பெயர் பூண்ட அவர்கள் தொழிற்சங்கத் தலைவரையும் அண்டவிடவில்லை. ஒன்பது நாள் உறுதியாக நின்று 20 விழுக்காடு பெற்றனர். தாளிலே பங்குதாரர், வாழ்விலே அன்றாடக் கூலியர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவையே அப்போராட்டம் அளந்து காட்டிற்று. பங்குரிமை வேறு, பங்கேற்பு வேறு.

மூன்றாவது எங்கள் கேமரன் மலை. 1929-இல் ஜே. ஏ. ரசல் போ தோட்டத்தைத் தொடங்கிய காலத்தில் காடு திருத்தியதும் கொழுந்து கொய்ததும் தமிழர் கைகள். இன்று விரலின் இடத்தில் கத்தரியும், சரிவு இடங்கொடுக்குமிடத்து அறுவடைப் பொறியும் வந்துள்ளன. ஆள் கிடைக்காத காலத்தில் பொறியை வெறுத்தல் அறிவுடைமை ஆகாது. கூடை சுமந்து கூனிய முதுகுகளைக் கண்டவன் அவ்வாறு எழுதவும் மாட்டான். ஆயின் பொறி மிகுந்து கைகள் குறைந்தபின், எஞ்சியவர்க்கு என்ன பயிற்சி, என்ன ஊதியம், அவர்தம் மக்களுக்கு என்ன வழி என்பதையும் ஒருவர் எண்ண வேண்டும். வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் ஆண்கள் தனித்து வந்து உழைக்கின்றனர். தமிழ்க் குடும்பங்கள் பட்டணம் இறங்குகின்றன. தோட்டப் பள்ளிகளில் பெயரேட்டின் பக்கங்கள் மெலிகின்றன. புதர் பேணப்படுகிறது, அதனைச் சூழ வாழ்ந்த ஊர் பேணப்படுகிறதா?

நிலமும் இவ்வாறே. காய்கறித் தோட்டங்களுக்காகத் திருத்தப்பட்ட சரிவுகளிலிருந்து மழை வாரிச் செல்லும் மண், 1963-இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணையின் ரிங்லெட் நீர்த்தேக்கத்தைத் தூர்த்து வருகிறது. 2013 அக்டோபரில் அணை நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் மாண்டன. மேலே ஒருவர் பெறும் ஊதியம் கீழே மற்றொருவர்க்கு இழப்பாகுமாயின், உடனிகழ்ச்சி என்னும் பொருளை மறந்தோம் என்பதே கருத்து.

கருவி வேண்டா என்பதோ தலைவர் வேண்டா என்பதோ என் வழக்கன்று. ஏவுவார் இயற்றுவாரைக் கலந்து ஏவுதல் வேண்டும். கருவியின் பயன் அதனைக் கையாள்வார்க்கும் சேர்தல் வேண்டும். தொல்காப்பியர் நுட்பமான விதியொன்று கூறுவர்: பலர் ஒரு வினையில் கூடுமிடத்து 'ஒடு' உருபு உயர்ந்தோர் பெயரையே சாரும். அதனால்தான் ஆசிரியரொடு மாணவர் வந்தார் என்கிறோம். நிறுவனங்கள் இனி எழுதும் அறிக்கையில், 'தொழிலாளரொடு நிறுவனம் வளர்ந்தது' என்னும் ஒரு தொடரையேனும் பொய்யின்றி எழுதக் கூடுமாயின், பேண்தகு என்னும் சொல் தமிழில் தன் பொருளை எய்தியதாகக் கொள்ளலாம்.