கைக்கு வந்த பாணியைத் தாண்டியவர்: மேக்ஸ் ரோச்

1979 டிசம்பர் 15. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக அரங்கம். மேடையில் இரண்டே பேர். பியானோவில் செசில் டெய்லர், ட்ரம்ஸில் 55 வயது மேக்ஸ் ரோச். டெய்லரின் வாசிப்பில் பழகிய மெட்டும் இருக்காது, சீரான தாளக்கட்டும் இருக்காது. பிடித்துக்கொள்ள ஒரு பேஸ் வாத்தியம்கூட இல்லை. ரோச் அந்தப் பிரவாகத்தைத் துரத்திக்கொண்டு ஓடவில்லை. தனக்கென்று ஒரு தாள உருவை எடுத்து, அதை உடைத்து, மறுபடி கட்டி, தன் வழியிலேயே போகிறார். இரண்டு வழிகளும் மோதும் இடங்களில்தான் இசை பற்றிக்கொள்கிறது.

அந்த வயதில் பழைய புகழை வைத்தே அவர் நிம்மதியாகக் காலம் தள்ளியிருக்கலாம். அதற்கு வேண்டிய புகழ் 21 வயதிலேயே கிடைத்துவிட்டது. 1945 நவம்பரில் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர் பதிவு செய்த 'கோ-கோ'வில் ட்ரம்ஸ் ரோச்தான். அதற்கு முந்தைய ஸ்விங் காலத்து ட்ரம்மர்கள் காலால் பேஸ் ட்ரம்மை நான்கு தட்டுக்கும் மிதித்துத் தாளத்தைத் தாங்கினார்கள். அந்தப் பொறுப்பை வலக்கையின் சிம்பலுக்கு மாற்றி வழிகாட்டியவர் கென்னி கிளார்க். மாற்றத்தால் விடுதலையான இடக்கையையும் கால்களையும் கொண்டு என்னவெல்லாம் பேசலாம் என்று காட்டியவர் ரோச். 'கோ-கோ'வின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 300 தட்டு. அந்த ஓட்டத்திலும் அவருடைய ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் காதில் விழுகிறது.

1954-இல் ட்ரம்பெட் கலைஞர் கிளிஃபோர்ட் பிரவுனுடன் சேர்ந்து ஐவர் குழு ஒன்றைத் தொடங்கினார். ஜாஸ் உலகின் மிகச் சிறந்த குழுக்களில் ஒன்றாக அது வேகமாக வளர்ந்தது. 1956 ஜூன் 26 இரவு, பென்சில்வேனியா நெடுஞ்சாலை விபத்தில் பிரவுனும் பியானோ கலைஞர் ரிச்சி பவலும் இறந்தார்கள். பிரவுனுக்கு வயது 25. ரோச் நொறுங்கிப் போனார், குடியில் மூழ்கினார்.

அதிலிருந்து எழுந்து வந்தவர், இழந்த குழுவின் நகலை உருவாக்கவில்லை. நான்கு தட்டுக் கணக்கே ஜாஸின் இயல்பு என்றிருந்த நாட்களில், 1957-இல் மூன்று தட்டிலேயே முழு ஆல்பம் வெளியிட்டார். அடுத்த ஆண்டு குழுவிலிருந்து பியானோவையே எடுத்துவிட்டு, டியூபாவைச் சேர்த்தார். டியூபா வாசித்த ரே டிரேப்பருக்கு 18 வயது, ட்ரம்பெட் வாசித்த புக்கர் லிட்டிலுக்கு 20. பியானோ விலகியதும் ஸ்வரக்கட்டு தளர்ந்து, ட்ரம்ஸின் ஒலிக்கு இடம் பெருகியது. ஒரு தலைவராக ரோச் எடுத்த மிகக் கூர்மையான முடிவு இது. தன் வாத்தியத்தின் எல்லையை விரிக்க, குழுவின் அமைப்பையே மாற்றினார்.

1960-இல் வந்த 'வீ இன்சிஸ்ட்!' இந்தத் தேடலின் உச்சம். அந்த ஆண்டு பிப்ரவரியில் கிரீன்ஸ்போரோ உணவகத்தில் கறுப்பின மாணவர்கள் உட்கார்ந்து போராடினார்கள். மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில்லில் போலீஸ் சுட்டது. இரண்டின் சூடும் இந்த ஆல்பத்தில் இருக்கிறது. முதல் பாடல் ஐந்து தட்டுத் தாளம். ஒவ்வொரு சுற்றின் முதல் தட்டிலும் ஸ்நேர் ட்ரம்மின் விளிம்பில் விழும் அடி, அடிமையின் முதுகில் விழும் சவுக்காக ஒலிக்கிறது. இன்னொரு பகுதியில் பாடகி ஆபி லிங்கனின் குரலும் ரோச்சின் ட்ரம்ஸும் மட்டும்தான். பிரார்த்தனை அலறலாக வெடித்து, பிறகு மெல்ல அடங்குகிறது. தாளக் கணக்கில் அவர் தேடிய புதுமைக்கு இங்கே ஒரு காரணம் கிடைத்துவிட்டது. சோதனை முயற்சியும் அரசியலும் ஒன்றையொன்று பலவீனப்படுத்தாத அரிய படைப்பு இது.

ட்ரம்ஸை மட்டும் வைத்து ஒரு முழுமையான இசைப்படைப்பை உருவாக்க முடியுமா? 'த ட்ரம் ஆல்ஸோ வால்ட்ஸஸ்' என்ற தனி வாசிப்பே அதற்குப் பதில். இது 1966-இல் வெளியான 'ட்ரம்ஸ் அன்லிமிடட்' ஆல்பத்தில் இருக்கிறது. முதல் தட்டுக்கு பேஸ் ட்ரம், அடுத்த இரண்டுக்கும் ஹை-ஹேட் என்று கால்கள் விடாமல் மூன்றைச் சுற்றுகின்றன. அதன் மேல் கைகள் ஒரு சிறு சொற்கட்டைச் சொல்லி, இடைவெளி விட்டு, அதையே வேறு விதமாகச் சொல்லிப் பார்க்கின்றன. தனி ஆவர்த்தனத்தில் ஊறிய காதுகளுக்கு இந்த ஒழுங்கு உடனே பிடிபடும். கை வேகத்தைக் காட்டும் ஆசை ஓரிடத்திலும் தலைதூக்கவில்லை.

1970-இல் 'எம்பூம்' பிறந்தது. குழுவில் அத்தனை பேரும் தாளவாத்தியக்காரர்கள். மரிம்பா, சைலபோன், டிம்பனி என்று மெட்டும் அவர்கள் கையில்தான். பின்னர் தன் குழுவோடு ஒரு தந்திவாத்திய நால்வர் குழுவை இணைத்து 'டபுள் குவார்டெட்' நடத்தினார். அதில் வயோலா வாசித்தவர் மகள் மேக்ஸீன். 1980-களில், பழைய தலைமுறை ஜாஸ்காரர்கள் பலர் ராப் இசையிடம் முகம் திருப்பிக்கொண்டபோது, ராப் கலைஞர் ஃபேப் ஃபைவ் ஃப்ரெட்டியுடன் மேடையேறினார். 1988-இல் மெக்கார்தர் விருது வந்தது.

ரோச் தொட்ட எல்லாமே ஒரே உயரத்தில் இல்லை. பார்க்கருடன் வாசித்த நாட்களின் அடர்த்தி பிற்காலத்துப் பெரிய கூட்டணிகள் சிலவற்றில் குறைகிறது. ஆனால் 2007-இல் 83 வயதில் மறையும்வரை நீண்ட அந்தப் பயணத்தை மொத்தமாக எடை போட்டால், கென்னி கிளார்க், ஆர்ட் பிளேக்கி, டோனி வில்லியம்ஸ் என்ற பெருவரிசையில்கூட இத்தனை திசைகளில் துணிந்து போன இன்னொரு ட்ரம்மர் இல்லை. புதிதாகக் கேட்க வருகிறவர்கள் 'த ட்ரம் ஆல்ஸோ வால்ட்ஸஸ்'ஸில் தொடங்கட்டும். நான்கு நிமிடம்கூட ஆகாது. அடுத்து 'வீ இன்சிஸ்ட்!' ஆல்பத்தை இடையில் நிறுத்தாமல் முழுதாகக் கேளுங்கள்.