பலகையில் எழுதுவது யார்?

ஆட்டிசமுள்ளவர்களில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையானவர்களுக்குப் பேச்சு வருவதில்லை, அல்லது ஒன்றிரண்டு சொல்லோடு நின்றுவிடுகிறது. அவர்களுக்கு உலகம் எப்படிப் படுகிறது என்பதை அவர்கள் வழியாகவே அறியத் துடித்தவர்கள் கையிலெடுத்ததுதான் எழுத்துப் பலகை. ஆட்டிசமுள்ளவர் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தொடுவார். உதவியாளர் அவருடைய கையையோ முழங்கையையோ தாங்கிப் பிடித்திருப்பார்.

1970களில் மெல்போர்னில் பெருமூளை வாதமுள்ள பிள்ளைகளிடம் ரோஸ்மேரி கிராஸ்லி தொடங்கிய இம்முறையை, சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் பிக்லன் அமெரிக்காவில் பரப்பினார். வாய் திறந்து ஒரு சொல்லும் சொல்லாத பிள்ளை, அன்பையும் ஏக்கத்தையும் முழு வாக்கியங்களில் எழுதியது. எந்தத் தாய் அதைச் சந்தேகிப்பாள்?

1993இல் நியூயார்க் மாநிலத்தின் ஓ.டி. ஹெக் மையத்தில் 12 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. எழுதுபவரும் உதவியாளரும் தனித்தனியே ஒரு படத்தைப் பார்ப்பார்கள். அடுத்தவர் பார்ப்பது இவருக்குத் தெரியாது. இருவருக்கும் வெவ்வேறு படம் காட்டியபோது ஒரு முறைகூட எழுதுபவர் கண்ட படத்தின் பெயர் வரவில்லை. சரியாக வந்த பெயர்களெல்லாம் உதவியாளர் கண்டவைதான். உதவியாளர்கள் ஏமாற்றவில்லை. எதிர்பார்ப்பு, ஒருவர் அறியாமலே அவருடைய தசைகளை அசைக்கும். எழுதுவது பிள்ளைதான் என்று அவர்கள் மனமார நம்பினார்கள். ஆனால் இதே முறையில் வந்த பாலியல் புகார்களால், குற்றமற்ற பெற்றோர் பிள்ளைகளைப் பிரிந்து நீதிமன்றப் படி ஏறினார்கள். அதைவிடக் கொடியது, கவனிக்கப்படாமலே போனது: பிள்ளையின் பெயரில் வேறொருவர் பேசிக்கொண்டிருக்க, பிள்ளை உண்மையில் என்ன கேட்கிறது என்று தேடுவதே நின்றுபோயிற்று.

இவ்வளவையும் ஏற்றுக்கொண்ட பிறகும், சோதனையாளர்கள் மீது எனக்கு ஒரு குறை உண்டு. எழுதப்பட்டவை அந்தப் பிள்ளைகளின் சொற்கள் அல்ல என்பதைத்தான் அந்த முடிவுகள் காட்டின. அவர்களுக்குள் சொல்லவே எதுவும் இல்லை என்று அவை காட்டவில்லை. பலரும் இரண்டாவதையும் சேர்த்தே முடிவுகட்டிவிட்டார்கள்.

கர்நாடகத்தில் வளர்ந்த ஆட்டிசமுள்ளவரான டிட்டோ முகோபாத்யாய் இந்த இடத்தில்தான் முக்கியமானவர். தாய் சோமாவிடம் கற்ற அவர் தன் கையாலேயே எழுதக்கூடியவர். அவருடைய முதல் நூலை 2000இல் பிரிட்டனின் தேசிய ஆட்டிசச் சங்கம் வெளியிட்டது. தன் உடல் சிதறிக் கிடப்பதுபோல் தோன்றுவதையும், சுழலும்போது அது ஒன்றுசேர்வதையும் அவர் விவரிக்கிறார். பார்ப்பதையும் கேட்பதையும் ஒருசேரச் செய்ய முடியாமல் தான் கேட்பதைத் தேர்ந்ததாகவும் சொல்கிறார். முகம் பார்த்துப் பேசு என்று பிள்ளையின் தாடையைத் திருப்பும் பயிற்சியாளர்கள் நினைவில் வைக்க வேண்டிய செய்தி இது. என்றாலும் ஒருவரின் அனுபவத்தை எல்லார் தலையிலும் ஏற்றக் கூடாது.

மகனுக்குப் பலித்த வழியைச் சோமா பிறருக்கும் கற்பித்தார். அதில் கையைத் தொடுவதில்லை. ஆனால் பலகை உதவியாளரின் கையில் இருக்கிறது, அது நகரும், சாயும். கைபிடித்து எழுதும் முறையோடு இதையும் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கம் 2018இல் அறிவித்தது. டிட்டோவின் எழுத்து உண்மை என்பது அவர் தாயின் முறைக்குச் சான்றாகிவிடாது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கிய ஆவாஸ் போன்ற செயலிகளில் பிள்ளை படத்தைத் தொட்டால் கருவி பேசும். கிடைப்பது பெரும்பாலும் "தண்ணீர்", "வேண்டாம்", "போதும்" அளவில்தான் தொடங்கும். எந்தப் படங்கள் இருக்க வேண்டும் என்பதையும் பெரியவர்களே முடிவுசெய்கிறார்கள். இந்தக் குறை சிறியதல்ல. ஆனால் தொடும் விரல் பிள்ளையுடையது. ஒரு "வேண்டாம்" அதனுடையதாக இருந்தால், யாரோ எழுதிய பத்துப் பக்கக் கவிதையைவிட அதை நான் மதிப்பேன்.

பலகை முறையை நடத்துவோர், சோதிப்பதே பிள்ளையை அவமதிப்பது என்கிறார்கள். அப்படி எனக்குத் தோன்றவில்லை. உதவியாளர் வெளியே இருக்கும்போது பிள்ளைக்கு ஒரு பொருளைக் காட்டிவிட்டு, அவர் வந்தபின் பலகையில் கேட்கலாம். ஒருமுறை பதற்றத்தில் தவறலாம்; வேறு வேறு நாட்களில் திரும்பச் செய்யலாம். தொடர்ந்து விடை வரவில்லையென்றால் தோற்றது முறைதான், பிள்ளையல்ல. படமோ சைகையோ கருவியோ, வேறு வழியை அன்றே தொடங்கிவிடலாம்.