பைத்தியக்கார விஞ்ஞானி என்கிற சௌகரியம்

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு விஞ்ஞானப் புனைகதையில் என்ன வேலை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: விஞ்ஞானத்தைப் பற்றிப் பேச யாருக்கு அருகதை? ஆபத்தான ஆராய்ச்சியின் அறம் குறித்த விவாதங்கள் எல்லாமே கடைசியில் இந்த அருகதைப் பிரச்சினையில் வந்துதான் முட்டுகின்றன.

'பைத்தியக்கார விஞ்ஞானி' என்கிற பிம்பம் நமக்குச் சினிமா தந்தது. கலைந்த தலை, மின்னல், கொதிக்கும் குடுவை. நம்மூர் விமர்சகர்கள் பஸ்மாசுரன் கதையைச் சொல்லி ஒப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்கள். அந்த உதாரணம் பொருந்தவே பொருந்தாது. பஸ்மாசுரன் தன் தலையில் தானே கைவைத்து எரிந்துபோகிறான். ஆய்வுக்கூடங்களின் வரலாற்றில் கை பெரும்பாலும் அடுத்தவன் தலையில்தான் விழுந்திருக்கிறது.

1818இல் வெளிவந்த மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலைச் சினிமாவை மறந்துவிட்டுப் படிக்க வேண்டும். விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் படிக்கிற இளைஞன். உயிரை உண்டாக்கியதுதான் அவன் குற்றம் என்று நாவல் சொல்வதாக எனக்குப் படவில்லை. உண்டாக்கிய உயிர் கண் திறந்ததுமே பார்க்கச் சகிக்காமல் ஓடிப்போனானே, அதுதான் குற்றம். கைவிடப்பட்ட அந்த ஜீவன் ஒரு குடும்பத்தை ஒளிந்திருந்து கவனித்தே மொழியைக் கற்கிறது. படைத்தவனை நேருக்கு நேர் நிறுத்தி நியாயம் கேட்கிறது. 1931இல் ஜேம்ஸ் வேல் எடுத்த படம் இரண்டு காரியம் செய்தது. அதன் பேச்சைப் பிடுங்கிக்கொண்டு உறுமலை மட்டும் விட்டுவைத்தது. அதன் மண்டைக்குள் ஒரு குற்றவாளியின் மூளையை வைத்தது. கைவிடுதல் என்கிற குற்றம் இப்படி மூளைக்கோளாறு என்கிற உடற்கூற்று விஷயமாகிப் போயிற்று. யார்மீது பரிசோதனை நடந்ததோ அவரைப் பேசவிடாமல் செய்தால்தான் 'பைத்தியக்கார விஞ்ஞானி' பிறக்கிறான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

எச்.ஜி. வெல்ஸின் 'டாக்டர் மோரோவின் தீவு' (1896) இதை இன்னொரு பக்கமிருந்து பார்க்கிறது. உயிருள்ள மிருகங்களை அறுப்பதற்கு உரிமம் கட்டாயம் என்று பிரிட்டனில் 1876லேயே சட்டம் வந்துவிட்டது. கொடூரம் அம்பலமாகி லண்டனிலிருந்து துரத்தப்பட்ட மோரோ, சட்டம் எட்டாத தீவில் மிருகங்களை மனிதர்களாகச் செதுக்குகிறான். வலி அவனுக்கு ஒரு பொருட்டே கிடையாது. அதேசமயம் தன் பிராணிகளுக்கு 'சட்டம்' ஒன்றை ஓதக் கற்றுத்தருகிறான். தனக்குச் சட்டம் கிடையாது, அறுபடுகிறவர்களுக்கு உண்டு. காலனியம் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியுமா?

கர்ட் வானகட்டின் 'கேட்ஸ் கிரேடில்' (1963) வரும்போது பைத்தியமும் கொடூரமும் காணாமல் போய்விடுகின்றன. ஃபீலிக்ஸ் ஹோனிக்கர் அணுகுண்டின் பிதாக்களில் ஒருவர். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த நாளில் வீட்டில் கயிற்றை விரலில் மாட்டி விளையாடிக்கொண்டிருக்கிறார். பாவம் என்றொரு வார்த்தை காதில் விழுந்தால் அப்படியென்றால் என்ன என்று கேட்கிறார். சேற்றில் சிப்பாய்கள் மாட்டிக்கொள்கிறார்கள், ஏதாவது செய்யுங்கள் என்று ஒரு தளபதி நச்சரித்ததற்காக, சாதாரண வெப்பநிலையிலேயே தண்ணீரை உறையவைக்கும் 'ஐஸ்-நைன்' என்கிற பொருளை உண்டாக்கிவிடுகிறார். அவர் செத்தபிறகு பிள்ளைகள் மூன்று பேரும் அதைப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். ஒருவன் அதைக் கொடுத்துப் பதவி வாங்குகிறான், ஒருத்தி புருஷனை வாங்குகிறாள். கடைசியில் கடல்கள் உறைந்துபோகின்றன.

வானகட் இதை வெறும் கற்பனையில் எழுதவில்லை. ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் விளம்பரப் பிரிவில் வேலை பார்த்தவர் அவர். அங்கே ஆராய்ச்சியாளராக இருந்த, 1932இல் வேதியியல் நோபல் பெற்ற இர்விங் லாங்முயர்தான் ஹோனிக்கருக்கு முன்மாதிரி என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆபத்தான விஞ்ஞானி ராட்சசன் இல்லை, மாதச் சம்பளம் வாங்கும் குழந்தை என்பதுதான் நாவலின் கண்டுபிடிப்பு. குழந்தையின் விளையாட்டுக்குக் காசு கொடுப்பவர் யார் என்று கேட்டால் கம்பெனி, ராணுவம், அரசு என்று பட்டியல் நீளும்.

இந்த இடத்தில் நம் தோழர்கள் சிலர் துள்ளிக் குதிப்பார்கள்: 'பாத்தீங்களா, நாங்க அப்பவே சொன்னோம்! தனிமனுஷன்ல என்ன இருக்கு, எல்லாம் அமைப்புதான்.' எனக்கு இதில் பாதிதான் சம்மதம். தனிமனிதன்மேல் பழிபோட்டு அமைப்பைத் தப்பவிடுவது ஒரு சௌகரியம் என்றால், அமைப்பின்மேல் பழிபோட்டுத் தனிமனிதனைத் தப்பவிடுவதும் சௌகரியம்தான். 'அணுகுண்டு' என்கிற சொல்லையே புழக்கத்துக்குக் கொண்டுவந்த வெல்ஸின் 1914ஆம் வருஷத்து நாவலை லியோ சிலார்டு 1932இல் படித்தார். 1933இல் அணுக்கருத் தொடர்வினை என்கிற யோசனை அவருக்குத் தோன்றியது. 1939இல் ஐன்ஸ்டைனிடம் கையெழுத்து வாங்கி ரூஸ்வெல்டுக்குக் கடிதம் அனுப்பவைத்ததும், 1945 ஜூலையில் குண்டைப் போடுவதற்கு எதிராக 70 பேர் கையெழுத்துடன் மனு எழுதியதும் அதே சிலார்டுதான். ஜெர்மனியிடம் குண்டு இல்லை என்று தெளிவானதும் ஜோசப் ராட்பிளாட் 1944 கடைசியில் லாஸ் அலமாஸை விட்டு வெளியேறினார். அவர் வெளியேறியதால் குண்டு நிற்கவில்லை. ஆனால் வேறு வழியே இல்லாதிருந்தது என்று மற்றவர்கள் சொல்ல முடியாதபடி ஆகிவிட்டது.

குண்டு விழுந்த மண்ணிலிருந்து வந்த கதை வேறு மாதிரி இருக்கிறது. 1954 மார்ச் 1 அன்று பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த 'பிராவோ' ஹைட்ரஜன் குண்டு, கணக்குப் போட்டதைவிட இரண்டரை மடங்கு பலத்தோடு, 15 மெகாடன்னாக வெடித்தது. கதிரியக்கச் சாம்பல் ரோங்கலாப் தீவுவாசிகள்மேல் விழுந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் அவர்களை அங்கிருந்து அகற்றினார்கள். பிறகு அவர்களையே ஆய்வுப்பொருளாக்கிக்கொண்டார்கள். அந்தப் பக்கம் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகில் 23 பேர். அவர்களில் ஒருவர் செப்டம்பரில் இறந்துபோனார். நவம்பரில் இஷிரோ ஹோண்டாவின் 'காட்ஜில்லா' வெளியானது. அது தொடங்குவதே கடலில் ஒரு கப்பல் அழிவதில்தான். அதில் வரும் டாக்டர் செரிசாவாவிடம் காட்ஜில்லாவை அழிக்கக்கூடிய ஓர் ஆயுதம் இருக்கிறது. அதிகாரத்தின் கைக்கு அது போய்விடும் என்று பயந்து மறைத்து வைத்திருக்கிறான். வேறு வழியில்லாமல் ஒரே ஒரு தடவை பயன்படுத்தச் சம்மதிக்கிறான். குறிப்புகளை எரித்துவிட்டு, கடலுக்கடியில் தானும் செத்துப்போகிறான்.

செரிசாவா என்னைக் கலங்கடித்த பாத்திரம். ஆனாலும் அவன் தீர்வை நான் ஏற்கமாட்டேன். அறிவு ஒரே ஒரு மண்டைக்குள் இருக்கிறது, அந்த மண்டையை அழித்தால் போதும் என்று அது நம்புகிறது. ட்யூரன்மாட்டின் 'இயற்பியலாளர்கள்' நாடகம் (1962) இந்த நம்பிக்கையை உடைத்துப்போடுகிறது. தன் கண்டுபிடிப்பிலிருந்து உலகைக் காப்பாற்றப் பைத்தியமாக நடித்து மனநல விடுதியில் ஒளிகிறான் மோபியஸ். குறிப்புகளை எரித்தும் விடுகிறான். விடுதித் தலைவி அதற்கு முன்பே எல்லாவற்றையும் நகல் எடுத்துவிட்டாள்.

ஆக, மோரோவும் செரிசாவாவும் ஒரே நாணயத்தின் இரண்டு பக்கம். ஒருவன் யாரையும் கேட்காமல் செய்கிறான். இன்னொருவன் யாரையும் கேட்காமல் மறைக்கிறான். நடைமுறையிலும் நிலைமை இதுதான். 2011இல் எச்5என்1 பறவைக்காய்ச்சல் வைரஸைப் பாலூட்டிகளிடையே காற்றில் பரவும்படி மாற்றிய இரண்டு ஆய்வுகள் பற்றித் தெரியவந்தபோது, பெரிய சர்ச்சை எழுந்தது. முடிவுகளை அச்சிடலாமா வேண்டாமா என்பதைச் சுற்றியே பெரும்பாலும் அது நடந்தது. 2012இல் இரண்டும் அச்சாயின. ஆய்வுக்கூடத்துக்கு அடுத்த தெருவில் குடியிருப்பவளை யாரும் கேட்கவில்லை.

கேட்ட ஊர் ஒன்று உண்டு. 1976இல் ஹார்வர்டில் மரபணு ஒட்டு ஆராய்ச்சிக்கான ஆய்வுக்கூடம் வரப்போகிறது என்றதும், கேம்பிரிட்ஜ் நகர மேயர் ஆல்ஃபிரெட் வெலூச்சி நகரசபையைக் கூட்டி, எல்லோர் முன்னாலும் விஞ்ஞானிகளைப் பதில் சொல்லவைத்தார். ஆராய்ச்சி சில மாதம் நிறுத்திவைக்கப்பட்டது. அந்தத் துறை ஆராய்ச்சியில் இல்லாத சாதாரண நகரவாசிகளின் குழு ஒன்று மாதக்கணக்கில் உட்கார்ந்து படித்தது, கேள்வி கேட்டது. கடைசியில் கூடுதல் கட்டுப்பாடுகளோடு அனுமதிக்கலாம் என்றது. 1977இல் அது நகரச் சட்டமாயிற்று. உலகம் அழியவில்லை, விஞ்ஞானமும் செத்துவிடவில்லை.

மின்னல் இல்லை, தீவு இல்லை, தற்கொலை இல்லை. ஒரு மேஜை, நாற்காலிகள், புரியாததைப் புரியவில்லை என்று சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்கும் சில ஜனங்கள். இதில் என்ன நாடகம் இருக்கிறது என்று புனைகதைக்காரர்கள் ஒதுக்கிவிடலாம். நமக்கு வேண்டிய விஞ்ஞானப் புனைகதை இங்கேதான் தொடங்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. ஷெல்லியின் ஜீவன் படைத்தவனிடம் கேட்டது இந்த விசாரணையைத்தான். பிறகு வந்தவர்கள் அதன் வாயை அடைத்துவிட்டார்கள். எழுதுகிறவர்கள் அந்தப் பேச்சைத் திருப்பித் தர வேண்டும்.